ரிப்போர்ட்டில் ‘லாக்ஸ் எல்.ஈ.எஸ்.’ என்று இருக்கிறது. ஆனால் படுத்தால் வருவதில்லை, உட்கார்ந்திருக்கும்போதுதான் எதுக்களிக்கிறது. ஏன்?

சிவப்புமை:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டபோதெல்லாம் சுருக்கமாகவே பதில் கிடைத்தது, சந்தேகம் தீரவில்லை.

வயது 43. மெய்ப்புத் திருத்துவது தொழில். ஒரு நாளில் 8, 9 மணி நேரம் மேசைமேல் கவிழ்ந்தபடியே போய்விடும். ஒன்றரை வருஷமாக நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும். போன மாதம் எண்டோஸ்கோபி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு வரி. உணவுக்குழாயின் அடியில் லேசான புண், எல்.ஏ. கிரேடு ஏ. அதற்குக் கீழே ‘லாக்ஸ் எல்.ஈ.எஸ்.’ இந்த இரண்டாவது வரி என்னவென்று கேட்டேன். ‘வயித்து வால்வு லூஸாயிடுச்சும்மா, மாத்திரையை விடாம போடுங்க’ என்றார் டாக்டர். வெளியே இன்னும் 20 பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இடித்தது. வால்வு லூஸ் என்றால் மூடி சரியில்லாத பாட்டில் என்றுதானே அர்த்தம்? நிமிர்த்தி வைத்தால் சிந்தாது, சாய்த்துப் போட்டால் கொட்டும். எனக்கு நடப்பது அப்படியே தலைகீழ். தொழில் புத்தி விடுமா, 12 நாள் நேரம் போட்டுக் குறித்து வைத்தேன். மதியம் 1.15-க்குச் சாப்பாடு. 1.45-லிருந்து 3 மணிக்குள் நாலைந்து தடவை. முதலில் ஏப்பம் வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு 11.30-க்குப் படுத்தால் காலை வரை ஒன்றுமே இல்லை. 12 நாளில் இரவில் எழுப்பியது ஒரே ஒரு தடவை. அன்று சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டேன்.

பான்டோப்ரசோல் 40 எடுக்கிறேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் பிரஷர் மாத்திரையோடு (ஆம்லோடிபின் 5) சேர்த்து விழுங்கிவிடுவேன். எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. தண்ணீர் ஏறுவது குறையவே இல்லை.

நான் கேட்க வருவது இதுதான். வால்வு எப்போதுமே திறந்து கிடக்கிறதா? அப்படியானால் இரவில் ஏன் சும்மா இருக்கிறது? மாத்திரை வால்வை இறுக்குமா, இறுக்காதா?


பழையபாட்டில்:

எனக்கும் அதே ரிப்போர்ட், அதே வார்த்தை. லூஸ்னா லூஸ்தான் மேடம், வாஷர் தேஞ்ச குழாய் மாதிரி. நான் ரெண்டு தலையணை வெச்சுப் படுக்கிறேன், ஓடுது. கடைசியில் ஆபரேஷன்தான்னு பயமுறுத்துறாங்க. ரொம்ப யோசிக்காதீங்க, யோசிச்சாலும் ஆசிட் ஏறும்.


நீலப்பட்டை:

நான் டாக்டர் இல்லை. உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி கூடத்தில் 11 வருஷமாக டெக்னீஷியன். மூக்கு வழியாகக் குழாய் விடுகிற ஆள். மருந்து சொல்வது என் வேலை இல்லை. ஆனால் இந்த வால்வு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாள் முழுக்கத் திரையில் பார்ப்பவள் என்ற முறையில் கொஞ்சம் சொல்லலாம்.

சிவப்புமை, உங்கள் பாட்டில் கணக்கில் தப்பே இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் சொல்தான் உங்களைத் திசை திருப்பிவிட்டது. மெய்ப்புப் பார்ப்பவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: ‘தளர்ந்த’ வால்வு வேறு, ‘தளர்கிற’ வால்வு வேறு. முன்னது நிலை, பின்னது செயல். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு நடப்பது பின்னது.

வால்வு என்று சொல்லிச் சொல்லி அதை ஒரு மூடியாகவே நினைத்துவிட்டோம். அங்கே மூடியும் கிடையாது, இதழும் கிடையாது. உணவுக்குழாயின் கடைசி 3, 4 சென்டிமீட்டர் தசை எப்போதும் சுருங்கியபடி இருக்கிறது. ரிப்போர்ட்டில் எல்.ஈ.எஸ். என்று இருப்பது இந்தச் சுருக்குத் தசைதான். நாடாவை இழுத்துக் கட்டிய சுருக்குப்பையின் வாய் போல. சும்மா இருக்கும்போது அதன் இறுக்கம் சுமார் 10 முதல் 30 மி.மீ. பாதரசம். அதே இடத்தை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசைக் கற்றையும் வெளியிலிருந்து சுற்றிப் பிடித்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகும். ஆக, உள்ளே ஒரு சுருக்கு, வெளியே ஒரு பிடி.

எங்கள் குழாய் சுமார் 4 மி.மீ. தடிமன். அதில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக 36 உணரிகள். அழுத்தம் குறைவான இடம் திரையில் நீலம், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பு. சுருக்குத் தசை இருக்கும் இடத்தில் படுக்கை வசமாக ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது கொஞ்சம் தடிக்கும், கொஞ்சம் மெலியும். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னால் பட்டை நீலமாகிவிடும், அதாவது வழி விடுகிறது. மேலிருந்து சரிவாக ஒரு சிவப்புக் கோடு இறங்கி வரும். அதுதான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் அலை. அலை வந்து சேர்ந்ததும் பட்டை பழையபடி நிறம் பிடித்துவிடும். சில வினாடிச் சமாச்சாரம். இந்தத் தளர்வு இல்லாவிட்டால் ஒரு கவளம்கூட உள்ளே இறங்காது. தளர்வது நோய் இல்லை, அதன் வேலையே அதுதான்.

இனிமேல்தான் உங்கள் கதை. ‘இப்போது விழுங்காமல் சும்மா இருங்கள்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம். சிலருக்குப் பட்டை தானாக மங்கும். விழுங்கவே இல்லை, மேலிருந்து அலையும் வரவில்லை, ஆனால் கீழே வழி திறந்துவிட்டது. 10 வினாடி, 15 வினாடி, சில சமயம் அரை நிமிடம். வெளியிலிருந்து பிடித்திருந்த உதரவிதானமும் அதே நேரத்தில் கையை எடுத்துவிடும். இரைப்பையின் நிறமும் உணவுக்குழாயின் நிறமும் ஒன்றாகிவிடும், இரண்டு அறைக்கு நடுவே கதவைக் கழற்றியது போல. பிறகு மேலே தொண்டைப் பக்கம் ஒரு கணம் திறக்கும், ஒரு ஏப்பம் வரும், உடனே நோயாளி கூச்சப்பட்டு ‘சாரி சிஸ்டர்’ என்பார். எத்தனை சாரி கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்கிற அந்த ஏப்பத்துக்காகத்தான் கதவே திறந்தது.

இதைத் தற்காலிகத் தளர்வு என்போம். வயிற்றில் சேரும் காற்றை வெளியேற்ற உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு. சாப்பாடும், சாப்பாட்டோடு விழுங்கிய காற்றும் சேர்ந்து இரைப்பையின் மேல்பகுதியை விரிக்கும். அங்கிருக்கும் நீட்சி உணரிகள் வேகஸ் நரம்பு வழியே மூளைத்தண்டுக்குத் தகவல் சொல்லும். அங்கிருந்து உத்தரவு அதே நரம்பு வழியே திரும்பி வரும். கடைசி நரம்பு முனையில் நைட்ரிக் ஆக்சைடு வெளியாகும், தசை விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் நினைத்தும் நடப்பதில்லை, நினைத்தாலும் நிற்பதில்லை. ஆரோக்கியமானவர்களுக்கும் இது ஒரு மணி நேரத்தில் சில தடவை நடக்கும், சாப்பிட்ட பிறகு இன்னும் அதிகம். எதுக்களிப்பு உள்ளவர்களுக்குக் கதவு அதிக தடவை திறக்கிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவர்களுக்குத் திறந்தால் காற்று போகும். இவர்களுக்குத் திறந்தால் காற்றோடு அமிலமும் ஏறும் வாய்ப்பு அதிகம்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1982-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. நலமாக இருந்த 10 பேர், உணவுக்குழாயில் புண் இருந்த 10 பேர். நலமானவர்களுக்கு அமிலம் ஏறிய தருணங்களில் 94 சதவீதம் இந்தத் தற்காலிகத் தளர்வின்போது. புண் இருந்தவர்களுக்கும் 65 சதவீதம் அதே காரணம்தான். 17 சதவீதம் வயிற்று அழுத்தம் திடீரென்று கூடியதால். பழையபாட்டில் சொல்லும் ‘வாஷர் தேய்ந்த’ கணக்கு, அதாவது இறுக்கமே இல்லாமல் தானாக மேலேறுவது, மீதி 18 சதவீதம். ஆள் எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் வால்வு லூஸ் என்பதே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை, உங்கள் ரிப்போர்ட்டே சாட்சி.

இரவில் ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டீர்கள். தூங்கும்போது இந்தத் தளர்வு அநேகமாக நின்றுவிடும், படுத்தாலே குறையும். நிமிர்ந்து உட்கார்ந்தால் இரைப்பையில் காற்று மேலே, திரவம் கீழே. வாசலில் நிற்பது காற்று, திறந்தால் பாதகமில்லை. மல்லாந்து படுத்தால் வாசலில் திரவம் வந்து நிற்கும், அப்போது திறப்பது ஆபத்து. உடம்பு அதை அறிந்து வைத்திருக்கிறது. இறுக்கமே போனவர்களுக்கும், ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறி நிற்பது) பெரிதாக இருப்பவர்களுக்கும் தான் இரவு நரகமாகும். சாப்பிட்ட கையோடு படுத்த அன்று மட்டும் உங்களுக்கு வந்ததே, அன்று வயிறு நிறைய இருந்தது, நீங்களும் இன்னும் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

சரி, எண்டோஸ்கோபியில் ‘லாக்ஸ்’ என்று ஏன் எழுதினார்கள்? கேமராவுக்கு அழுத்தம் தெரியாது, உருவம்தான் தெரியும். உள்ளே போனதும் சரியாகப் பார்ப்பதற்காகக் காற்றை ஊதி இரைப்பையை விரிப்பார்கள். இரைப்பை விரிந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே, கதவு திறக்கும். திறந்த நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ‘திறந்திருக்கிறது’ என்று எழுதுவதும் உண்டு. எல்லா ரிப்போர்ட்டும் அப்படி என்று சொல்லவில்லை. குழாயை வளைத்துக் கீழிருந்து மேலே பார்த்து, வாசலில் இருக்கும் சதை மடிப்பு அந்தக் குழாயை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று ஹில் கிரேடு 1 முதல் 4 வரை போடுகிற முறை இருக்கிறது. கிரேடு போட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. வெறும் ‘லாக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவது ஏன் அவ்வளவு புளிக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. உணவு கலந்தால் அமிலம் நீர்த்துப் போக வேண்டும்தானே? 2001-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கண்டது: சாப்பிட்ட பிறகு, உணவோடு கலக்காத அமிலம் ஒரு அடுக்காகச் சாப்பாட்டின் மேலே, சரியாக வாசலுக்குக் கீழே தேங்கி நிற்கிறது. அமிலப் பை என்று சொல்கிறோம். கதவு திறந்ததும் முதலில் ஏறுவது அதுதான். ஆல்ஜினேட் சேர்ந்த டானிக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொல்வதும் இதனால்தான். அது அமிலம் பட்டதும் கெட்டியாகி, நுரைத்து, தெப்பம் போல இந்தத் தேக்கத்தின் மேல் மிதக்கும்.

மாத்திரை வால்வை இறுக்காது. பான்டோப்ரசோல் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கும், அவ்வளவே. ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறுவதில் அமிலத்தின் வீரியம் மட்டும் குறையும். எரிச்சல் பாதியாகி, தண்ணீர் மட்டும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இன்னொன்று: அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். சாப்பிடும்போது வேலைக்கு இறங்கும் பம்புகளைத்தான் அது பிடிக்கும். சாப்பிட்டு முடித்து விழுங்கினால் திருடன் போன பிறகு கதவைப் பூட்டிய கதை. டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றுங்கள்.

ஆம்லோடிபினையும் அவரிடம் சொல்லுங்கள். கால்சியம் சேனலை அடைக்கும் மருந்துகள் ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்திப் பிரஷரைக் குறைக்கின்றன. சுருக்குத் தசையும் அதே ஜாதித் தசைதான். நெஞ்சுவலிக்கான நைட்ரேட், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் கூட இப்படிச் செய்யும். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் ஏறினால் வரும் தொல்லைக்கு முன்னால் இந்தப் புளிப்புத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சு பாரமாக இருக்கும்போது ஏப்பம் விட்டால் நிம்மதி என்று வலிய ஏப்பம் விடுவீர்களா?


சிவப்புமை:

மாட்டிக்கொண்டேன். விடுவேன். ஒன்று வராவிட்டால் காற்றை விழுங்கி வரவழைப்பேன். சோடா குடித்தால் பெரிதாக ஒன்று வரும், அதற்காகவே குடிப்பதும் உண்டு. இது எப்படித் தெரிந்தது உங்களுக்கு?


நீலப்பட்டை:

எங்கள் நாற்காலியில் உட்காரும் பத்துப் பேரில் நாலு பேராவது இதைச் செய்பவர்கள். (என் கூடத்து அனுபவம், ஆய்வு இல்லை.) சோடாவில் நீங்கள் குடிப்பதே காற்று. அது இரைப்பையை விரிக்கும், கதவு திறக்கும், நிம்மதி கிடைக்கும், பின்னாலேயே அமிலம் ஏறும், மறுபடி பாரம், மறுபடி சோடா. காற்றை விழுங்கி ஏப்பம் விடுவதில் இன்னொரு வகையும் உண்டு: காற்று இரைப்பைக்கே போகாது, உணவுக்குழாயில் பாதி வழி போய்த் திரும்பிவிடும். திரையில் பார்த்தால் கீழே கதவு திறக்கவே இல்லை என்று தெரியும். அந்த வகை ஏப்பம் பழக்கம்தான். ஆனால் அப்போது வயிற்றுத் தசை நெருக்குவதால் அமிலமும் கூடவே ஏறலாம்.

மேசைமேல் கவிழ்ந்து உட்காருவதும் இதே கணக்குதான். நெஞ்சுக்குள் அழுத்தம் எப்போதும் வயிற்றைவிடக் குறைவு. கதவு திறந்த அந்தக் கால் நிமிடத்தில் நீங்கள் குனிந்து வயிற்றை மடக்கிக்கொண்டிருந்தால், பற்பசைக் குழாயை மூடி திறந்து வைத்துவிட்டு அழுத்தியது போல. இடுப்பில் இறுகும் நாடாவும் அதே வேலையைச் செய்யும்.


கடைசிக்கவளம்:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு நேர் எதிர்: திறக்க மறுத்த கதவு.

நாலு வருஷம் ‘அசிடிட்டி’ என்றே மாத்திரை சாப்பிட்டேன். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, ராத்திரி இருமல், எல்லாம் உங்கள் பட்டியல்தான். ஒரு வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேலே வந்தது புளிக்காது. காலையில் தலையணையில் கிடப்பது முந்தின இரவுச் சாப்பாடு, நிறம் மாறாமல். தண்ணீர்கூட நெஞ்சில் நின்று நின்று இறங்கும். 14 கிலோ குறைந்த பிறகுதான் மேனோமெட்ரி எடுத்தார்கள். அகலேசியா. தசையைத் தளரச் சொல்லும் நரம்பு செல்கள் செத்துப் போனதால் கதவு திறக்க மறந்துவிட்டதாம். தேங்கியது உணவுக்குழாயிலேயே நொதித்து எரிந்திருக்கிறது.

வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்தே தசையை வெட்டிவிட்டார்கள். இப்போது சாப்பாடு அருமையாக இறங்குகிறது. வெட்டிய கதவு சரியாக மூடுவதில்லை, அதனால் அமிலம் ஏறுகிறது, அதற்கு மாத்திரை. நாலு வருஷம் இல்லாத நோய்க்குச் சாப்பிட்ட அதே மாத்திரையை இப்போது இருக்கிற நோய்க்குச் சாப்பிடுகிறேன்.

விழுங்கும்போது நிற்கிறதா என்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா.


நீலப்பட்டை:

இது முக்கியமான எச்சரிக்கை. சாப்பாடு நின்று இறங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி: இவற்றில் எது இருந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள். நடந்தால் நெஞ்சு அழுத்தி, நின்றால் விடுகிறது என்றால் அதை நெஞ்செரிச்சல் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் இதயத்தைப் பார்க்கட்டும்.


பழையபாட்டில்:

சிஸ்டர், வாஷர் உவமையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு கேள்வி. வீடியோல எல்லாம் ‘வால்வை இறுக்கும் பயிற்சி’ன்னு சொல்றாங்களே, உண்டா இல்லையா? அப்புறம் என் ரெண்டு தலையணை?


நீலப்பட்டை:

உள்ளே இருக்கும் சுருக்குத் தசை நம் சொல் கேட்காத தசை. கையை மடக்குவது போல அதை மடக்கிப் பலப்படுத்த முடியாது. ஆனால் வெளியே பிடித்திருக்கும் உதரவிதானம் நம் சொல் கேட்கும். வயிற்றால் ஆழமாக மூச்சு விடும் பயிற்சியை 2012-ல் ஆஸ்திரியாவில் 19 பேரை வைத்துச் சோதித்தார்கள். 4 வாரத்தில் பயிற்சி செய்தவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது. சின்ன ஆய்வு, அதனால் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். செலவில்லை, கெடுதலில்லை, செய்து பாருங்கள். வலிய ஏப்பம் விடும் பழக்கத்தை நிறுத்தவும் இதே மூச்சைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். வயிற்றால் மூச்சு விட்டுக்கொண்டே காற்றை உறிஞ்சுவது கஷ்டம்.

இரண்டு தலையணை வேண்டாம். அது கழுத்தையும் இடுப்பையும் மடக்கும், வயிறுதான் நசுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15, 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள், உடம்பு மொத்தமாகச் சரியட்டும். இடது பக்கமாகப் படுங்கள். அப்படிப் படுத்தால் வாசல் அமிலத்துக்கு மேலே இருக்கும். வலது பக்கம் படுத்தால் வாசலே அமிலத்தில் முங்கும்.

தளர்வையே குறைக்கிற மருந்து உண்டா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பேக்லோஃபென் அதைச் செய்கிறது. கை கால் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக வந்த மருந்து. ஆனால் மூளைத்தண்டில் அந்தத் திறக்கும் உத்தரவை அடக்குவதால் கதவு திறப்பது குறையும். தூக்கமும் தலைச்சுற்றலும் கூடவே வரும் என்பதால் எடுத்தவுடன் யாரும் அதைக் கொடுப்பதில்லை. ஆபரேஷனைப் பற்றியும் பயந்திருந்தீர்கள். 1955-ல் நிஸ்ஸன் என்ற சர்ஜன் தொடங்கி வைத்த முறை இன்னும் இருக்கிறது: இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைப்பது. எதுக்களிப்பு நன்றாக நிற்கும். ஆனால் சிலருக்கு அதற்கப்புறம் ஏப்பமே வராது, வயிறு உப்பிக்கொண்டு தவிப்பார்கள். அமிலத்துக்கும் காற்றுக்கும் வாசல் ஒன்றுதானே, ஒன்றை மட்டும் எப்படி அடைப்பது?


சிவப்புமை:

மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன்.

மாத்திரையை டாக்டர் காலைச் சாப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பு மாற்றினார். ஆம்லோடிபினை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றார், பிரஷர் ஒழுங்காக இருப்பதால். சோடாவை விட்டேன். மதியச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து 12.30-க்குப் பாதி, 3.30-க்குப் பாதி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் மேசைக்குப் போவதில்லை. நின்றபடி, தாளைச் சுவரில் ஒட்டித் திருத்துகிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு.

கணக்கு: முதல் வாரம் ஒரு நாளைக்கு 4 தடவை, இரண்டாவது வாரம் 3, இந்த வாரம் 1 அல்லது 2. வலிய ஏப்பம் விடுவதை நிறுத்தியதுதான் பெரிய பாடு. முதல் நாலு நாள் நெஞ்சில் கல் வைத்தது போல இருந்தது. பிறகு தானாகவே குறைந்தது.

விழுங்குவதில் தடை எதுவும் இல்லை, கடைசிக்கவளம் ஐயா. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒவ்வொரு வாய்க்கும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டில் ‘லாக்ஸ்’ என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன். டாக்டர் பார்த்துவிட்டார். என்ன இது என்றார். பழக்கதோஷம் என்றேன். பிறகு அவராகவே, காற்று ஊதியபோது எடுத்த படம்தான், கிரேடு எதுவும் போடவில்லை என்றார். மேனோமெட்ரி எடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு ‘இப்போ வேண்டாம்’ என்றார். சரிதானா சிஸ்டர்? இன்னொன்று, நன்றாக இருப்பதால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று மனசு அரிக்கிறது.


நீலப்பட்டை:

அவர் சொன்னது சரி. நாங்கள் வெறும் வயிற்றில், 5 மி.லி. தண்ணீரைப் பத்து முறை விழுங்கவைத்துப் பார்ப்போம். உங்களுக்கு நடப்பது சாப்பாட்டுக்குப் பிறகு. பெரும்பாலும் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்போம், உங்களுக்கு இன்னொரு குழப்பம். மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டாலோ ஆபரேஷன் பேச்சு வந்தாலோ அப்போது பார்க்கலாம். கூடவே 24 மணி நேர அமிலச் சோதனையும் செய்வார்கள். நாளில் அமிலம் தங்கும் நேரம் 4 சதவீதத்துக்குள் இருந்தால் சரி, 6-ஐத் தாண்டினால் நோய், நடுவில் இருந்தால் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். பல வாரம் அடைத்து வைத்த பம்புகள் திறந்ததும் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். பத்து நாளில் எரிச்சல் திரும்பும், ‘வால்வு இன்னும் லூஸாகிவிட்டது’ என்று இங்கே வந்து எழுதுவீர்கள். அந்தப் புண் ஆற அவர் எத்தனை வாரம் சொன்னாரோ அத்தனை வாரம் போகட்டும். பிறகு அளவைப் பாதியாக்குவதா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்று அவரே சொல்லட்டும்.

சுவரில் ஒட்டித் திருத்தும் யோசனையை என் நோயாளிகளுக்குச் சொல்லலாமா?